ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமா? ஒரு வாசகியின் கடிதத்துக்குப் பதில்

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. வீட்டிலிருந்தபடியே நான்கு கடைகளுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறார். அதற்குப் பயன்படும் மடிக்கணினி, மகளின் கல்லூரிப் படிப்புக்காக 2018-இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், வாங்கும்போதே உடன் வந்த விண்டோஸ் 10. பேட்டரி செயலிழந்து ஓராண்டாகிறது. சார்ஜரை இணைத்தால்தான் இயங்குகிறது. நான்கு மாதங்களாக, கணினியைப் போட்டால் வேலை தொடங்கப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகின்றன. சில கோப்புறைகளைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் நூறு சதவீதம் என்று காட்டுகிறது. அண்மையில் உள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஓசையும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, ‘உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது’ என்ற அறிவிப்பு திரையின் ஓரத்தில் அடிக்கடி வந்து அச்சுறுத்துகிறது.

அந்தக் கணினியின் டி டிரைவில் அவருடைய தந்தையின் எழுத்து இருக்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் ஊரின் வரலாற்றையும் வழக்குச் சொற்களையும் முந்நூறு பக்கங்களுக்கு மேல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். கடைக்காரர், ‘ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும், ஒருநாள் விட்டுவிட்டுப் போங்கள்’ என்கிறார். யூடியூபில் பார்த்ததில், கோப்புகளை வைத்துக்கொண்டே ரீசெட் செய்ய முடியும் என்றும் தெரிகிறது. ‘முக்கியமானவை டி டிரைவில் பத்திரமாக இருப்பதால் நானே ரீசெட் செய்துவிடலாமா? கடையில் விட்டால் குடும்பப் படங்களை யாரேனும் எடுத்துவிடுவார்களோ? அல்லது புதிதாகவே வாங்கிவிட வேண்டுமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். கணினி இப்போது ஓடிக்கொண்டிருந்தால் முறைப்படி அணைத்துவிடுங்கள். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, இது வைரஸ் தொல்லையாகவோ விண்டோஸ் பழுதாகவோ எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஹார்டு டிஸ்க் பழுதடைந்து வருகிறது என்றே கருதுகிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் அந்த ‘டக், டக்’ ஓசையைக் கேட்டபின் வேறு எதையும் முதலில் எண்ணுவது சரியாகாது.

காரணத்தைச் சொல்கிறேன். ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டத் தகடுகளும், அவற்றைத் தொடாமல் மிக நெருக்கமாக மேலே மிதந்து செல்லும் படிப்பு முனைகளும் கொண்ட ஓர் இயந்திரம். தகட்டில் ஓரிடம் கெட்டுப்போனால், அங்கிருப்பதைப் படிக்க முனை மீண்டும் மீண்டும் முயலும். அது படித்து முடிக்கும்வரை விண்டோஸ் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் வேகக் குறைவு என்கிறோம். எல்லாக் கோப்புறைகளும் ஒரே சீராக மெதுவாகாமல், குறிப்பிட்ட சில கோப்புறைகளில் மட்டும் கணினி உறைந்து நிற்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தொடக்க நிலைக்குத் திரும்பித் திரும்பி வரும்போதுதான் அந்த ஓசை எழும்.

ஓரத்தில் வரும் வைரஸ் அறிவிப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்புக் குறைவு. என்றோ ஒரு வலைத்தளம் ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்று கேட்டபோது தவறுதலாக ‘சரி’ என்று அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம் அது. குரோமின் அமைப்புகளில், தள அனுமதிகள் பகுதிக்குள் சென்று அந்த அறிவிப்பு அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். அதில் காணப்படும் எண்ணை மட்டும் அழைத்துவிடாதீர்கள். அப்படி அழைத்து, தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கொடுத்துப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சி, டி என்பவை இரண்டு பெட்டிகள் அல்ல

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்த வரி, ‘முக்கியமானவை டி டிரைவில் பத்திரமாக இருக்கின்றன’ என்பது. நம் ஊர்களில் கணினி வைத்திருக்கும் வீடுகளில் பாதிப்பேராவது இப்படி நம்புகிறார்கள். அதற்குக் கணினி பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் இருப்பவர்களும் காரணம். ‘எல்லாவற்றையும் டி-யில் போட்டு வையுங்கள்’ என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். விண்டோஸ் கெட்டு, சி டிரைவை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவும் சமயத்தில் டி தப்பிக்கும் என்ற அளவில் அந்த அறிவுரை சரி. ஆனால் உங்கள் கணினியில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். ஒரே வீட்டுக்குள் சுவர் எழுப்பி இரண்டு அறைகளாகத் தடுத்ததைப் போல, அந்த ஒரே டிஸ்க்கைத்தான் சி என்றும் டி என்றும் பிரித்திருக்கிறார்கள். கூரை இடிந்தால் இரண்டு அறைகளுக்கும் ஒரே கதிதான். உங்கள் தந்தையின் எழுத்துக்கு இன்றைய நிலையில் இருப்பது ஒரே பிரதி; அதுவும் பழுதடைந்துவரும் டிஸ்க்கில்.

கடைக்காரர் ‘ஃபார்மட்’ என்று எதைச் சொல்கிறார் என்பதும் தெளிவாகவில்லை. சி-யை மட்டும் அழிப்பவர்களும் உண்டு. பென் டிரைவிலிருந்து நிறுவும்போது பிரிவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் பிரிப்பவர்களும் உண்டு. என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் வாடிக்கையாளர் ஒருவரிடம், ‘டி-யில் இருப்பதைத் தொடமாட்டேன், சரிதானே?’ என்று கேட்டு, அவரும் ‘சரி’ என்ற பிறகு வேலையைத் தொடங்கினேன். அவருடைய பெண்ணின் திருமணப் படங்கள் முழுவதும் டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவின் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்காமல் நான் எந்தக் கணினியையும் அழிப்பதில்லை.

ரீசெட் எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது

விண்டோஸ் 10-இல் அமைப்புகளுக்குள் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘ரெக்கவரி’ என்று சென்றால் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கும். அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பது, உங்கள் பயனர் கணக்கின் கீழ் உள்ள ஆவணங்கள், படங்கள் போன்றவற்றை வைத்துக்கொண்டு, நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தையும் நீக்கிவிடும். நீக்கியவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் விட்டுச் செல்லும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பது கோப்புகளையும் சேர்த்து நீக்கும். விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமா, எல்லா டிரைவ்களையுமா என்றும் அதில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டு அழுத்தும் ஒரு சொடுக்கு போதும், டி டிரைவும் காலியாகிவிடும்.

தேவையற்ற மென்பொருள்கள் குவிந்தது, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்தது, தீநிரல் (வைரஸ் போன்ற தீங்கு செய்யும் மென்பொருள்) புகுந்தது ஆகியவற்றுக்கு ரீசெட் நல்ல தீர்வு. உங்களுடையதைப் போன்ற கோளாறு இல்லாதவர்கள்கூட அதற்கு முன் எளிய வழிகளைப் பார்த்துவிட வேண்டும். கணினி தொடங்கும்போது தானாக ஓடும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்துவது, சி டிரைவில் இடம் ஒழிப்பது, இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குவது, காற்றுத் துளைகளில் அடைத்திருக்கும் தூசியைத் துப்புரவு செய்வது ஆகியவற்றிலேயே பலருக்குக் குறை தீர்ந்துவிடும்.

டிஸ்க் பழுதாகியிருக்கும்போது ரீசெட் செய்வது அபாயம். ரீசெட் என்பது பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பது மட்டுமல்ல. உங்கள் கோப்புகளை ஒதுக்கி வைத்து, பல ஜிபி அளவுக்குப் படித்து, பல ஜிபி அளவுக்கு எழுதி, மணிக்கணக்கில் டிஸ்க்கை ஓய்வின்றி ஓட்டும் வேலை அது. தள்ளாடி நடப்பவரை மலையேறச் சொல்வதற்கு ஒப்பானது. நடுவில் டிஸ்க் நின்றுபோகலாம். உங்கள் பேட்டரியும் செயலிழந்திருப்பதால், ஐந்து நிமிட மின்தடை வந்தாலும் ரீசெட் பாதியில் அறுந்து, விண்டோஸ் எழும்பாத நிலை வரலாம். பிழை சரிபார்ப்பு, டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் தரவை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்துவது) போன்றவற்றையும் இதே காரணத்துக்காக இப்போது ஓட்ட வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

தந்தையின் எழுத்தைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். முந்நூறு பக்க எழுத்து, படங்கள் இல்லாவிட்டால், சில எம்பி அளவைத் தாண்டாது. அதை மின்னஞ்சலில் இணைத்து உங்கள் மகளுக்கே அனுப்பிவிடலாம். மின்சாரம் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கணினியைத் தொடங்கி, வேறு எதையும் திறக்காமல், அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதே அமர்வில் அனுப்பியும் விடுங்கள்.

அத்துடன் பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு குறியீடு அல்ல பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கிய பழைய குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தந்தையின் எழுத்து வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். நாம் நிறுவிய எழுத்துருக்கள் பெரும்பாலும் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். ரீசெட் செய்தால் அவை போய்விடும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்துவிட்டு, ‘கோப்பு இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை’ என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். பொதுவாக அதற்குள் எழுத்துருவும் பதிந்துவிடும் என்பதால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கலாம். சேமித்தபின் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். யூனிகோடுக்கு மாற்றும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். மாற்றிகளை முழுமையாக நம்ப வேண்டாம். பாமினியில் ஔகாரக் குறியும் ‘ள’ என்ற எழுத்தும் ஒரே வடிவம் என்பதால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று மாறி நிற்கக்கூடும். வழக்குச் சொற்களைத் திரட்டிய ஒருவரின் எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒருவர் கண்பட்டுச் சரிபார்க்கத் தகுந்தது. மூலக் கோப்பை என்றும் அழிக்காதீர்கள்.

அடுத்தது கணக்குகள். டாலியில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். அந்தக் கோப்புறை முழுவதையும் எடுங்கள். பலர் டாலியின் தரவும் டி-யில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்; உண்மையில் அது சி-யில் இருக்கும். டாலியின் உரிமத்தை ‘சரண்டர்’ செய்துவிட்டால், அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிட்டால், புதிய டிஸ்க்கில் மறுபடி செயற்படுத்துவது எளிது. நான்கு கடைகளின் கணக்கு பிறர் உங்களை நம்பிக் கொடுத்தது என்பதால், இதன் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் வைத்திருப்பது நல்லது. கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி இதற்குத் தாராளமாகப் போதும்.

மூன்றாவதாகக் குடும்பப் படங்கள். இவற்றை ஒரே மூச்சில் நகலெடுக்காமல், கோப்புறை கோப்புறையாக எடுங்கள். ஓரிடத்தில் உறைந்து நின்றால் அந்தக் கோப்பைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லுங்கள். நின்ற கோப்பையே திரும்பத் திரும்ப முயல வேண்டாம். திரைப்படங்கள், மென்பொருள் நிறுவிகள் போன்றவற்றுக்கு டிஸ்க்கின் எஞ்சிய ஆயுளைச் செலவிடாதீர்கள். ஓசை தொடர்ந்து கேட்டாலோ, டி டிரைவே திரையிலிருந்து மறைந்தாலோ, உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பு செய்பவரிடம்தான் கொண்டுசெல்ல வேண்டும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும் என்பதையும், முழுவதும் கிடைக்கும் என்று எவராலும் உறுதிகூற முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இவை எல்லாம் பத்திரமான பிறகு, நான் கருதுவது சரிதானா என்று பார்க்க ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை அது காட்டும். மஞ்சளில் ‘காஷன்’ என்றோ சிவப்பில் ‘பேட்’ என்றோ இருந்தாலும், கெட்டுப்போன இடங்களைக் குறிக்கும் 05, சி5 என்ற எண்களுள்ள வரிசைகளின் கடைசிப் பத்தியில் சுழி அல்லாத எண் இருந்தாலும், டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். நீலத்தில் ‘குட்’ என்று இருந்தாலும், ஓசை கேட்கிறதென்றால் நான் ஓசையைத்தான் நம்புவேன்.

மாற்றுவதா, புதிது வாங்குவதா

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது: இந்த டிஸ்க்கில் ரீசெட்டும் வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு, 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி (தகடுகளுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றைப் பொருத்தி, அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியில் சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் பன்னிரண்டு நிமிடம் என்பது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். உங்கள் கணக்கு வேலைக்கு 256 ஜிபி போதும். கையில் வசதி இருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்கலாம். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் எஸ்எஸ்டி.

ஒரு குறை இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு ஆதரவு. உங்களுடையது ஏழாம் தலைமுறை. ஆகவே எஸ்எஸ்டி இந்தக் கணினிக்கு வேகத்தைத் திருப்பித் தரும், நீண்ட ஆயுளைத் தராது. வங்கிப் பரிவர்த்தனையும் பிறர் கணக்கும் புழங்கும் கணினி என்பதால், ஓரிரு ஆண்டுக்குள் புதிது வாங்குவதற்குச் சேமிக்கத் தொடங்குங்கள். உடனே கடன் வாங்க வேண்டிய அவசரம் இல்லை. இப்போது வாங்கும் எஸ்எஸ்டியும் அன்றைக்கு வெளிப்புற டிஸ்க்காகப் பயன்படும்.

கடையில் கொடுக்கும்போது

படங்களை யாரேனும் எடுத்துவிடுவார்களோ என்ற உங்கள் அச்சத்தை எவரும் மிகையென்று ஒதுக்கக் கூடாது. நான் சொன்ன வழியில் இந்த அச்சத்துக்கும் விடை இருக்கிறது. புதிய எஸ்எஸ்டியில்தான் விண்டோஸ் ஏறப்போகிறது என்பதால், உங்கள் பழைய டிஸ்க் கடையில் ஒரு நிமிடம்கூட இருக்கத் தேவையில்லை. உங்கள் கண்ணெதிரே கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். அது உங்கள் பொருள். ‘பழுதானது, நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். நேர்மையான கடைக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரிய செயல். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வேலையில் குறைபாடு இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிகாட்டுதலும் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் ரசீது வேண்டும். செய்த வேலை, மாற்றிய பொருள், அதன் உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். தொலைந்துபோன கோப்பின் மதிப்பை எந்த ஆணையத்தாலும் திருப்பித் தர முடியாது என்பதால்தான் நகலெடுப்பதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினி விண்டோஸுடன் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமம் தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) பிணைந்தது; டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. அதே பதிப்பை, பெரும்பாலும் அது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ ஆக இருக்கும், நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே செயற்பட்டுவிடும். சில கடைகளில் பழக்கத்தினால் ‘ப்ரோ’ பதிப்பைப் போட்டு, உரிமம் இல்லாமலே அதைச் செயற்பட வைக்கும் திருட்டு நிரல் ஒன்றையும் ஓட்டிவிடுகிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, அப்படிப்பட்ட நிரல்களின் வழியாகவே தீநிரல் நுழைவதும் உண்டு. எந்தப் பதிப்பு என்பதை இப்போதே ‘சிஸ்டம்’ பகுதியில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதையே போடச் சொல்லுங்கள். உலாவியில் சேமித்திருக்கும் கடவுச்சொற்களையும் கடைக்குப் போகுமுன் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். புதிய விண்டோஸில் முதன்முதலாக மின்னஞ்சலைத் திறக்கும்போது அவை தேவைப்படும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி, அதிராத இடத்தில் வைத்திருங்கள். நகலில் ஏதேனும் விடுபட்டிருந்தால் மீட்பதற்கு அதுதான் இருக்கும். அதற்குமுன், இன்று நீங்கள் அனுப்பும் கோப்பை உங்கள் மகள் தம் கணினியில் பாமினி எழுத்துருவை நிறுவித் திறந்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் உங்களுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டட்டும். இரண்டும் சரியாக இருந்தால், நாளைக்குக் கடைக்காரரைப் பார்க்கப் போங்கள்.